கம்பளி ஆடையைக் காப்போம், குழந்தையையும் காப்போம்

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. ஆடையின் விலை பெரிதன்று, அதன் தூய்மையே பெரிது என்பதே இதன் பொருள். பள்ளிச் சீருடையைப் பேணும் முறையை மாணவர் பலரும் அறிவர். ஆனால், வீட்டுப் பெட்டியின் அடியில் ஆண்டு முழுவதும் உறங்கிக் கிடக்கும் கம்பளி ஆடைகளைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றைப் பேணும் முறையையும், அவற்றைப் பேணுவதாக எண்ணி நாம் செய்யும் ஒரு செயலால் கைக்குழந்தைகளுக்கு நேரக்கூடிய தீங்கினையும் இக்கட்டுரையில் காண்போம்.

வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ராசாவில் கம்பளிக்கு என்ன வேலை என்று மாணவர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எனினும், நம் ஊரிலிருந்து கிழக்கே நோக்கினால் தித்திவங்சா மலைத்தொடர் தெரிகிறது. அடுத்துள்ள கோல குபு பாருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மலைப்பாதையில் சென்றால் பிரேசர் மலையை அடையலாம். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பம் சுமார் 6 பாகை செல்சியஸ் குறையும் என்பது அறிவியல் கூறும் உண்மை. ஆதலால், இங்கே வியர்வை வழிய நிற்கும் நாம், 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள அம்மலையில் மாலை வேளையில் குளிரால் நடுங்குகிறோம். கேமரன் மலையிலும் அவ்வாறே. பள்ளிச் சுற்றுலாவிற்கும் குடும்பப் பயணத்திற்கும் வாங்கிய சுவெட்டர் ஒன்றிரண்டு பல வீடுகளில் உண்டு. கைக்குழந்தைக்குப் பாட்டி பின்னிக் கொடுத்த குல்லாயும் காலுறையும் உண்டு. குளிரூட்டப்பட்ட நெடுந்தூரப் பேருந்துகளிலும் இவை பயன்படுகின்றன.

தமிழகத்தின் உதகமண்டலம் 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. இலங்கையின் நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அவ்வூர்களைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கம்பளி நாள்தோறும் தேவைப்படும் ஆடை. நாள்தோறும் அணிவதால் அது காற்றும் ஒளியும் பெறுகிறது. உடுத்தி உடுத்தித்தான் தேய்கிறது. நம் நிலை வேறு. ஆண்டில் நான்கைந்து நாள் அணிந்துவிட்டு, மற்ற நாளெல்லாம் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். ஆகவே, நம் ஊரில் கம்பளி உடுத்துவதால் கெடுவதில்லை. உடுத்தாமல் கிடப்பதால் கெடுகிறது. இவ்வுண்மையை மனத்தில் கொண்டால், பாதுகாக்கும் வழி தானே விளங்கும்.

கம்பளி என்பது யாது?

கம்பளி செம்மறியாட்டின் உரோமத்திலிருந்து கிடைப்பது. நம் தலைமுடியும் நகமும் எப்பொருளால் ஆனவையோ, அதே கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உருப்பெருக்காடியில் நோக்கினால், அதன் இழைமேல் மீனின் செதில்களைப் போன்ற நுண்ணிய அடுக்குகள் தென்படும். இழைகள் சுருண்டு இருப்பதால் அவற்றுக்கிடையே காற்று தங்குகிறது. அக்காற்றே உடல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. கம்பளி தானாக வெப்பத்தை உண்டாக்குவதன்று. நம் உடலின் வெப்பத்தை நமக்கே காத்துத் தருவது.

கம்பளிக்கு மற்றொரு தன்மையும் உண்டு. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும், தொட்டால் நனைந்ததாகத் தோன்றாமல் இருக்க அதனால் இயலும். குளிர் நாட்டில் இது நற்பண்பு. ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டிலோ இதுவே தொல்லையாகிறது. உலர்ந்துவிட்டது என்று நாம் நினைத்து மடித்து வைக்கும் ஆடைக்குள் ஈரம் ஒளிந்திருக்கும்.

கடைகளில் விற்கும் சுவெட்டர் யாவும் கம்பளி அல்ல. விலை மலிவானவற்றுள் பெரும்பாலானவை அக்ரிலிக் என்னும் செயற்கை இழையால் ஆனவை. ஆடையின் உட்புறத்தில் தைத்துள்ள சிறு துணிச்சீட்டைப் படித்தால் உண்மை தெரியும். தூய கம்பளிக்கு உரிய நூற்கண்டு போன்ற அடையாளக் குறி 1964ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் வழங்கி வருகிறது. சீட்டு இல்லையெனில், பெரியவர் ஒருவர் ஆடையின் உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை எடுத்து, நீர்க்கிண்ணத்தின் அருகே வைத்து எரித்துப் பார்க்கலாம். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. உருகிக் கெட்டியான மணி போல் ஆனால் செயற்கை இழை. இச்சோதனையை மாணவர்கள் தாமே செய்தல் கூடாது.

பகைவர் மூவர்

கம்பளியின் முதற்பகை ஈரம். சிலாங்கூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் மிகுதியாகவே உள்ளது. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மலையடிவாரத்தில் பிற்பகல் மழை அடிக்கடி பெய்யும். அக்காலத்தில் மூடிய அலமாரிக்குள் பூஞ்சணம் எளிதில் படரும். முதலில் மக்கிய வாடை வீசும். பின்னர்ச் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றும். பூஞ்சணம் பிடித்த ஆடை, இருமலும் ஆஸ்துமாவும் உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது.

இரண்டாம் பகை பூச்சி. வைக்கோல் நிறத்தில், அரிசியளவே உள்ள அந்துப்பூச்சி துணியைத் தின்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வளர்ந்த அந்துப்பூச்சி எதையும் உண்பதில்லை. அது துணியில் இடும் முட்டைகளிலிருந்து வெளிவரும் புழுக்களே துணியை அரிக்கின்றன. நம் வீட்டுச் சுவர்களில் பூசணி விதையைப் போன்ற தட்டையான சாம்பல் நிறக் கூடு ஒன்று ஒட்டிக் கொண்டிருப்பதை மாணவர்கள் கண்டிருப்பர். சற்று நேரம் உற்று நோக்கினால், அதன் முனையிலிருந்து ஒரு சிறு தலை வெளியே வந்து, கூட்டையும் இழுத்துக்கொண்டு நகரும். அதுவும் அந்து இனத்தைச் சேர்ந்த ஒன்றின் புழுவே. சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி ஆகியவை அதன் உணவு. கம்பள வண்டு எனப்படும் சிறு வண்டின் புழுவும் இத்தகையதே.

இப்புழுக்கள் ஒளியை விரும்புவதில்லை. இருளும் அசைவின்மையும் உள்ள இடத்தையே நாடுகின்றன. மேலும், வியர்வையும் பாலும் உணவுத் துணுக்கும் படிந்த துணியையே முதலில் தின்னத் தொடங்குகின்றன. குழந்தையின் சட்டையில் கழுத்துப் பகுதியும் மார்புப் பகுதியும் முதலில் ஓட்டையாவதன் காரணம் இதுவே. அழுக்குடன் பெட்டியில் வைக்கும் ஆடை புழுவுக்கு நாம் படைக்கும் விருந்தாகும்.

மூன்றாம் பகை தவறான சலவை. சுடுநீரில் இட்டுக் கசக்கினால், இழைமேல் உள்ள செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போல் மாட்டிக்கொள்ளும். பின்னர் அவை பிரியமாட்டா. ஆடை சுருங்கித் தடித்துவிடும். பத்து வயதுப் பிள்ளையின் சட்டை ஐந்து வயதுப் பிள்ளைக்கும் போதாமற் போவது இவ்வாறே.

துவைக்கும் முறை

துவைப்பதற்கு முன், ஆடையை ஒரு பழைய செய்தித்தாளின் மேல் பரப்பி, அதன் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்துகொள்ள வேண்டும். துவைத்த பின் இது பயன்படும்.

கம்பளிக்கு 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரே ஏற்றது. நம் நாட்டுக் குழாய் நீர் இயல்பாகவே அந்நிலையில் இருப்பதால் நீரைக் காய்ச்ச வேண்டியதில்லை. சலவைச் சோடாவும் வெளுப்பு நீரும் கூடாது. வெளுப்பு நீர் கம்பளியைக் கரைத்தே விடும். கறையைப் போக்கும் நொதிகள் கலந்த சலவைத்தூளும் புரத இழையைத் தாக்கும். தலைமுடிக்குப் பயன்படுத்தும் மென்மையான சாம்பு சிறிதளவு போதும். கம்பளியும் முடிதான் அல்லவா?

ஆடையை உட்புறம் வெளியாகத் திருப்பி, நீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தலும் அடித்தலும் முறுக்கிப் பிழிதலும் ஆகா. இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலச வேண்டும். பின்னர் உலர்ந்த துண்டு ஒன்றில் ஆடையை வைத்துப் பாயைச் சுருட்டுவது போல் சுருட்டி, மேலே அழுத்தினால் நீர் துண்டிற்கு மாறிவிடும்.

நனைந்த கம்பளி வலுக்குறைந்தது. அதனைக் கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீண்டு உருமாறும். ஆகவே, நாம் முன்பு கோடு வரைந்த தாளின் மேல் ஒரு துண்டைக் காய வைத்தாற்போல் விரித்துப் பயனில்லை. முதலில் ஆடையைத் தாளின் கோட்டோடு ஒப்பிட்டுப் பழைய அளவிற்கு மெல்ல இழுத்துச் சரி செய்து, அதன் பிறகு பாயின்மேல் உலர்ந்த துணி விரித்து அதில் கிடத்த வேண்டும். நிழலும் காற்றும் உள்ள இடமே நன்று. மழை நாளில் மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் வைத்திருக்கலாம். அக்குள், தையல், கைமுனைப் பட்டை ஆகிய தடித்த இடங்களைத் தொட்டுப் பார்த்து, முற்றும் உலர்ந்த பிறகே மடிக்க வேண்டும்.

பாதுகாத்து வைக்கும் முறை

தூய்மை, உலர்வு, இறுக்கமான மூடி ஆகிய மூன்றுமே கம்பளியின் காவலர்கள். இவற்றுக்குப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை. பெருநாட்களில் நம் வீடுகளுக்கு வரும் சதுரத் தகர பிஸ்கட் டின் மிகச் சிறந்த பெட்டியாகும். அதனைக் கழுவித் துடைத்து வெயிலில் நன்கு காய வைக்க வேண்டும். ஆடையைத் தூய பருத்தித் துணியில் சுற்றி உள்ளே வைக்க வேண்டும். புதிய காலணிப் பெட்டிகளில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் இரண்டை ஓரத்தில் இடலாம். அவற்றைச் சிறு பிள்ளைகள் வாயில் இடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் மூடியின் விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிவிட்டால், பூச்சியும் புகாது. ஈரக்காற்றும் எளிதில் புகாது. மழை குறைந்த ஜூன், ஜூலை மாதங்களில் பகல் வேளையில் பெட்டியை மூடுவது நலம்.

ஆடையில் முட்டையோ புழுவோ முன்பே இருக்குமோ என்னும் ஐயம் எழுந்தால், அதற்கும் எளிய வழி உண்டு. உலர்ந்த ஆடையை நெகிழிப் பையில் இட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். அவ்வறையின் குளிர் சுழியத்திற்குக் கீழே 18 பாகை அளவில் இருந்தால், முட்டையும் புழுவும் மடியும். வெளியே எடுத்தவுடன் பையைத் திறத்தல் கூடாது. பை அறையின் வெப்ப நிலையை அடையும் வரை பொறுத்திருக்க வேண்டும். இல்லையேல் ஆடையின்மேல் நீர் அரும்பும்.

டின்னைச் சிமெந்துத் தரையிலும் குளியலறைச் சுவரை ஒட்டியும் வையாமல், பலகையின் மேல் வைக்க வேண்டும். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, வெயில் அடிக்கும் காலையில் திறந்து, ஆடையை உதறி, அரை மணி நேரம் காற்றாட வைத்து மீண்டும் மூட வேண்டும். ஒளியும் அசைவும் புழுவுக்குப் பகை என்பதை முன்னரே கண்டோம். நன்கு உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. அது பூச்சியை விலக்க ஓரளவு துணை செய்யலாம். ஆனால் அழுக்கான ஆடையை வேப்பிலை காக்கும் என்று நம்பி இருத்தல் தவறு.

அந்துருண்டையும் கைக்குழந்தையும்

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் தலையாய பகுதி. பெற்றோரும் இதனைப் படித்தல் வேண்டும். பெட்டியில் துணி வைத்தால் நாலைந்து அந்துருண்டைகளைப் போடுவது பல குடும்பங்களின் வழக்கம். இதனைப் பாச்சை உருண்டை என்றும் கூறுவர்; மலாய் மொழியில் உபாட் கெகாட் என்பர். வெண்ணிற உருண்டைகள் பலவும் நாப்தலீன் என்னும் வேதிப்பொருளால் ஆனவை. அது உருகாமலே ஆவியாகும் இயல்புடையது. வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இன்னும் விரைந்து ஆவியாகும். அவ்வாவி துணி இழைகளில் படிந்து தங்குகிறது. அக்காள் அணிந்து விட்ட குல்லாயைத் தம்பிக்கென எடுத்து அணிவிக்கும்போது, நாம் நுகரும் அந்த வாடையே நாப்தலீன்.

பெரியவர்க்கு அது தலைவலியோடு போகலாம். ஆனால், ஜி6பிடி என்னும் நொதி குறைந்து பிறந்த குழந்தைக்கு அது பெருந்தீங்கு விளைவிக்கும். இரத்தச் சிவப்பணுக்களை நச்சுப் பொருள்களிலிருந்து காப்பது இந்நொதி. இது குறைவாக உள்ள குழந்தையின் உடலில் நாப்தலீன் சேர்ந்தால், சிவப்பணுக்கள் கூட்டமாக உடைகின்றன. குழந்தை வெளிறும், கண்ணும் தோலும் மஞ்சளாகும். மஞ்சள் காமாலை முற்றினால் மூளையும் பாதிக்கப்படும். உயிருக்கே இடர் நேரலாம். மூச்சின் வழியாக மட்டுமன்றித் தோலின் வழியாகவும் நாப்தலீன் உட்செல்லும். உடலில் எண்ணெய் பூசியிருந்தால் இன்னும் எளிதாக உட்செல்லும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நம் வழக்கத்தை எண்ணிப் பார்த்தால், இச்செய்தியின் இன்றியமையாமை புலப்படும்.

மலேரியா மருந்து ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சியின் பயனாக, 1956ஆம் ஆண்டில் இந்நொதிக் குறைபாடு கண்டறியப்பட்டது. மலேரியா பரவியிருந்த நாடுகளின் மக்களிடையே இது மிகுதியாகக் காணப்படுகிறது. தாயின் வழியாகப் பிள்ளைக்கு வருவது. ஆண் குழந்தைகளையே பெரும்பாலும் தாக்குவது. மலேசியாவில் 1980ஆம் ஆண்டுகளிலிருந்து, பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இதனைச் சோதித்து வருகின்றனர். குழந்தையின் உடல்நலப் பதிவுப் புத்தகத்தில் அம்முடிவைக் காணலாம். குறைபாடு இருப்பது தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. விலக்க வேண்டியவற்றை விலக்கினால், அப்பிள்ளைகள் மற்றவரைப் போலவே நலமாக வாழ்வர். விலக்க வேண்டியவற்றுள் அந்துருண்டை முதன்மையானது.

தன் வீட்டில் குறைபாடு உள்ள குழந்தை இல்லை என்று எண்ணி ஒருவர் அந்துருண்டை இடலாம்; அந்த ஆடையை நாளை அண்டை வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கவும் செய்யலாம். ஆகவே, குழந்தை ஆடைகள் உள்ள பெட்டியில் எவரும் அதனை இடாமையே அறிவுடைமை. திறந்த அலமாரியில் அதனை இட்டாலோ ஆவி சிதறிப் போவதால், புழு சாவதுமில்லை. நாம் மூச்சில் இழுப்பதே மிச்சம். வெண்மிட்டாய் என்று எண்ணிச் சிறு பிள்ளை அதனை விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. பூசைக்குரிய கற்பூரத்தையும் துணிப்பெட்டியில் இடலாகாது. சிறு குழந்தை அதனை விழுங்கினால் வலிப்பு உண்டாகும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நாப்தலீன் உருண்டைகளின் விற்பனை 2008ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது.

அந்துருண்டை வாடை வீசும் ஆடையைப் பச்சிளங்குழந்தைக்கு அணிவிக்க வேண்டா. ஒருமுறை வெயில் காட்டியதால் அது நீங்கிவிட்டதாகக் கொள்ளுதலும் கூடாது. குழந்தையின் கண் மஞ்சளானாலோ, உடல் வெளிறினாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் இறங்கினாலோ, நாட்டு மருந்து செய்து காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பெட்டியில் அந்துருண்டை இருந்தது என்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறவும் வேண்டும்.

ஓர் ஆடை, மூன்று பிள்ளைகள்

நன்கு பேணிய கம்பளிச் சட்டை ஒன்று, மூத்த பிள்ளைக்குப் பின் இளைய பிள்ளைக்கும், அதற்கும் பின் கடைக்குட்டிக்கும் பயன்படும். சிறு ஓட்டையை அதே நிற நூலால் உடனே இழையோட்டிவிட்டால் அது பெரிதாகாது. முழங்கையில் தேய்ந்தால் துணி ஒட்டுப் போடலாம். கை குட்டையாகிவிட்டால் முனையில் இன்னும் நாலு விரற்கடை பின்னிச் சேர்க்கலாம். இனி எவருக்கும் பொருந்தாது என்றாலும் குப்பையில் எறிய வேண்டியதில்லை. நூலைப் பிரித்துச் சிட்டமாகச் சுற்றி, கழுவி, அடியில் சிறு எடை கட்டி உலர்த்தினால் அதன் சுருள் நீங்கும். அந்நூலில் ஒரு குல்லாயும் ஒரு சோடிக் காலுறையும் பின்னலாம்.

மாணவர்களே! இதனைப் படித்து முடித்ததும் வீட்டிலுள்ள பெட்டியைப் பெற்றோருடன் சேர்ந்து திறந்து பாருங்கள். ஆடைகளை வெளியே எடுத்து உதறுங்கள். அந்துருண்டை இருந்தால் அதனை நீங்கள் தொடாமல் தாயிடமோ தந்தையிடமோ காட்டி, நீங்கள் கற்றதை எடுத்துக் கூறுங்கள். டின்னின் மேல் ஒரு தாளை ஒட்டி, துவைத்த நாளையும் மூடிய நாளையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை மலைக்குச் சுற்றுலா செல்லும்போது பெட்டியிலிருந்து எடுக்கும் ஆடை ஓட்டையின்றி, வாடையின்றி, தூய்மையாக இருக்கும். வீட்டில் புதிதாகப் பிறக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ அதே பெட்டியிலிருந்து குல்லாயை எடுத்து அச்சமின்றி அணிவிக்கலாம். பொருளைக் காப்பது சிக்கனம்; அதனினும் மேலாக உயிரைக் காப்பது கடமை. இவ்விரண்டையும் நாம் ஒருங்கே செய்வோமாக.